பால் பிடிக்காத கதிர்

யூனிஸ் உப்புக் கரைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அது 1991ஆம் வருடம். ஹெப்பாளுக்கு அப்பால், யூகலிப்டஸ் தோப்பை ஒட்டியிருந்த ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. அல்சூரிலிருந்து சிவாஜிநகர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பி.யூ.சி. வரை படித்தவள், கையெழுத்து அச்சுப்போல இருக்கும், எண்களில் தவறு விடமாட்டாள். இந்த மூன்றுக்காகத்தான் அவளை எடுத்துக்கொண்டார்கள்.

"நெல்லுக்கு உப்பு ஊத்தி இன்னா பண்ணுவாங்க?" என்று முதல் நாளே கேட்டான் அவள் கணவன் கிளாரன்ஸ்.

"சாவுதா பொழைக்குதான்னு பாப்பாங்க."

"அதுக்கு ஒரு ஆபீஸா" என்று சிரித்துவிட்டு அவன் பேட்டரி கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான்.

வேலை ஏறக்குறைய அவள் சொன்னதுதான். தெர்மோகோல் பலகையில் வரிசையாகத் துளை போட்டு, அடியில் நைலான் வலை ஒட்டி, துளைக்கு ஒரு முளைவிட்ட விதை வைக்க வேண்டும். பலகையைச் சத்துநீர்த் தட்டில் மிதக்கவிட வேண்டும். நாற்று மூன்று நாள் பழகிய பிறகு உப்பு. முதலில் பாதி அளவு, பிறகு முழு அளவு. அதன் பிறகு தினமும் குனிந்து பார்ப்பதுதான் வேலை. கீழ் இலையின் நுனி முதலில் வெளுக்கும். மறுநாள் அது வைக்கோல்போலச் சுருண்டிருக்கும். பிறகு அதற்கு மேல் இலை. கடைசியாகக் குருத்து. பதினாறாம் நாள் ஒவ்வொரு வரிசைக்கும் மதிப்பெண் போட வேண்டும். நன்றாக நிற்பதற்கு ஒன்று, செத்ததற்கு ஒன்பது.

முதல் இரண்டு வருடம் யூனிஸின் ரிஜிஸ்டரில் பெரும்பாலும் ஒன்பதுதான். தமிழ்நாடு, கேரளம், வங்காளம் என்று கடலோரங்களிலிருந்து வந்த ரகங்களும் அவற்றைக் கலந்து உண்டாக்கிய புதிய ரகங்களுமாக முந்நூற்றுச் சொச்சம் பொட்டலங்கள் இருந்தன. வேர், தண்ணீரோடு சேர்த்து உப்பையும் இழுத்துக்கொள்கிறது. அது இலையில் போய்ச் சேர்ந்து இலையைக் கொல்கிறது. சில பயிர்கள் மட்டும் உள்ளே வந்த உப்பைப் பழுத்த இலைகளில் ஒதுக்கிவைத்துக் குருத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். தேடியது அந்தச் சிலவற்றைத்தான். காலையில், கம்பிவலை அடித்த வலைக்கூடத்தின் கதவைத் திறக்கும்போதே வெளுத்துக் கிடக்கும் தட்டுகள் கண்ணில் படும். செத்ததை எண்ணி எழுதும் வேலைக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறோமே என்று சில நாள் அவளுக்குத் தோன்றும்.

அவளுக்கு மேலே இருந்த விஞ்ஞானி வெங்கடராமன். மல்லேஸ்வரத்துக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அதிர்ந்து பேச மாட்டார். உதவியாளர்களைப் பன்மையில்தான் அழைப்பார். பிளாஸ்கில் கொண்டுவரும் காபியை மூடியில் பாதி ஊற்றி அவளிடம் கொடுப்பார். இருபது வருடமாக உப்பைத் தாங்கும் நெல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர். அவரோடு படித்தவர்களெல்லாம் துறைத் தலைவர்களாகிவிட்டிருந்தார்கள்.

1993 மார்ச்சில் ஒரு நாள், பதினாறாம் நாள் தட்டில், இருநூற்றுப் பதினெட்டாம் எண் வரிசை பச்சையாக நின்றது. இரு பக்கமும் இருந்தவை சருகாகக் கிடக்க, அந்தப் பத்து நாற்றுகள் மட்டும் குருத்து நீட்டிக்கொண்டிருந்தன. உப்புப் போட மறந்துவிட்டோமோ என்று யூனிஸ் உப்பு அளக்கும் கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவள் ஓடிப்போய் அவரை அழைத்துவந்தாள்.

வெங்கடராமன் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மார்க் போட்டேள்?"

"மூணு சார்."

"மூணு" என்று திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று வருடம் அந்த எண்ணைச் சுற்றியே ஓடியது. விதை பெருக்கினார்கள், மறுபடி உப்பில் போட்டார்கள், மறுபடியும் பச்சையாகவே நின்றது. டெல்லியிலிருந்து வந்த குழு படம் எடுத்துக்கொண்டு போனது. யூனிஸும் வீட்டில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள். "உன் நெல்லு எப்படிக்கீது?" என்று கிளாரன்ஸே விசாரிக்கும் அளவுக்கு.

1996இல்தான் அதைத் தொட்டியில் வைத்து முழு வயதுக்கு வளர்த்துப் பார்த்தார்கள். அதுவரை நாற்றை மட்டுமே பார்த்திருந்தார்கள். மண் நிரப்பிய இருபது சிமெண்ட் தொட்டிகள். பத்துக்கு நல்ல தண்ணீர், பத்துக்கு உப்புத் தண்ணீர். இரண்டிலும் பயிர் நன்றாகத் தூர் கட்டியது, பூத்தது. அறுவடைக்குப் பிறகு மணிகளை எண்ணும் வேலை யூனிஸுடையது. மேசையில் கதிரைப் பரப்பி, ஒவ்வொரு மணியையும் நகத்தால் அழுத்திப் பார்த்து, உள்ளே அரிசி இருந்தால் இடப்பக்கம், பதராக இருந்தால் வலப்பக்கம் தள்ளினாள். இரண்டாவது நாள் மாலைக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல தண்ணீர்த் தொட்டிகளில் நூற்றுக்கு இருபத்திரண்டு பதர். உப்புத் தொட்டிகளில் அறுபத்தெட்டு. இலையைக் காப்பாற்றிக்கொண்ட பயிர், பூவைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. மகரந்தம் செத்துப்போயிருந்தது.

அவள் மறுபடி ஒரு முறை எண்ணினாள். பிறகு ரிஜிஸ்டரில் எழுதி அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

வெங்கடராமன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்ல தண்ணி தொட்டியிலயும் பதர் இருக்கே" என்றார்.

"இருக்குது சார். ஆனா இதுல ரொம்ப..."

"வலைக்கூடத்துல சூடு ஜாஸ்தி. காத்தும் கிடையாது. பூக்கற நேரத்துல அது ஒரு பிரச்சனைதான். வயல்ல இப்படி இருக்காது." குறிப்பு எழுதும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இருபது தொட்டியும் ஒரே கூடத்தில்தானே இருந்தன என்று யூனிஸுக்கு வாய் வரை வந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த மாதம் அந்தத் திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வர இருந்தது. நிறுத்தினால் முதலில் போவது தற்காலிக உதவியாளர்கள்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

குழு வந்தது. திட்டம் தொடர்ந்தது. அறுபத்தெட்டு என்ற எண் எந்த அறிக்கையிலும் வரவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில், ஒருவேளை சூடுதானோ என்று தன்னையே நம்பவைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள்.

1999இல் விதை வயலுக்குப் போனது. வேதாரண்யம் பக்கம், கடலுக்கு அருகில் ஒரு ஊரில், ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக ஒரு விவசாயியைப் பிடித்தார்கள். பெயர் சுந்தரமூர்த்தி. ஒரு மூலையில் பத்துச் சென்ட் போட்டுப் பார்க்கத்தான் விதை தருவதாக இருந்தது. அவர் நிறுவனத்துக்காரர்களோடு நிலையத்துக்கே வந்து வெங்கடராமனைப் பார்த்துப் பேசிவிட்டு, தம்மிடம் இருந்த மூன்று மா நிலத்திலும், அதாவது ஒரு ஏக்கர் முழுவதிலும், அதையே போடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். விதைப் பைகளைத் தைத்துக் கொடுத்தது யூனிஸ்தான். அப்போது அவரை ஒரு ஐந்து நிமிடம் பார்த்திருக்கிறாள். நல்ல உயரம், கழுத்தில் துண்டு, பையைத் தூக்கும்போது எடை பார்ப்பதுபோல் ஒரு முறை குலுக்கிப் பார்த்தார்.

கார்த்திகை வரை நல்ல செய்திதான் வந்துகொண்டிருந்தது. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் அனுப்பிய புகைப்படத்தில் சுற்றிலும் வெளுத்த வயல்கள், நடுவில் ஒரு சதுரம் மட்டும் கரும்பச்சை. வெங்கடராமன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு வாட்ச்மேன் வலைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "தமிழ்நாடிந்த யாரோ பந்திதாரே, மேடம்."

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தவர் சுந்தரமூர்த்தி. ராத்திரி பஸ்ஸில் வந்து, கலாசிபாளையத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருந்தார். கையில் ஒரு சாக்கு.

"வெங்கட்ராமன் அய்யா இருக்காங்களாம்மா?"

"ஹைதராபாத் மீட்டிங் போயிருக்காரு. வர நாலு நாள் ஆவும். உக்காருங்க."

அவர் தொட்டி ஓரத்தில் அடுக்கியிருந்த செங்கல்மேல் உட்கார்ந்தார். சாக்கை அவிழ்த்து ஒரு கட்டுப் பயிரை எடுத்துத் தரையில் வைத்தார். அடித்தூரோடு பிடுங்கியது. இலைகள் காய்ந்தும் அகலமாக, நல்ல வளர்ச்சியோடுதான் இருந்தன. கதிர்கள் நெட்டுக்குத்தாக நின்றன. முற்றிய கதிர் கனத்தில் தலை குனிய வேண்டும். இவற்றில் ஒன்றுகூடக் குனிந்திருக்கவில்லை. யூனிஸ் ஒரு கதிரை எடுத்தாள். பழக்க தோஷத்தில் விரல் தானாக மணியை அழுத்தியது. பதர். அடுத்தது, பதர். அதற்கடுத்ததும் பதர். நாற்பது மணி வரை போய்விட்டு நிறுத்தினாள்.

"பூக்குற நேரத்துல மழை நின்னுருச்சுங்க" என்றார் சுந்தரமூர்த்தி. "உப்பனாத்துத் தண்ணி உள்ள ஏறிருச்சு. அப்பவும் இலை வாடல. அதான் எனக்கு வெளங்கல. பயிர் செத்திருந்தா செத்துச்சுன்னு விட்டுட்டு வேற வேலைக்குப் போயிருப்பேன். பச்சையா நிக்கிது, நிக்கிதுன்னு தெனம் போயிப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊரே வந்து பாத்துச்சும்மா. எம் பொண்ணு மாமியார் வீட்டுலேர்ந்துகூட வந்து பாத்துட்டுப் போனாங்க. அறுத்து அடிச்சா களத்துல காத்துல பறக்குது. மூணு மாவுக்கும் சேத்து ரெண்டு மரக்கா தேறல."

யூனிஸ் கையிலிருந்த கதிரைக் கட்டின்மேல் திரும்ப வைத்தாள்.

"முன்ன குழியடிச்சான் போடுவோம். நாட்டு நெல்லு. பெருசா வெளையாது. ஆனா உப்பு ஏறுனாலும் நாலு மூட்டை கண்ணுல காட்டிரும். இது வருதேன்னு அதை விட்டேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வந்தவருடைய குரலாகவே இருந்தது. "நீங்க இங்க வளத்துப் பாத்தப்ப கதிர் எப்படிம்மா இருந்துச்சு?"

சார் வந்ததும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் அவளும் வாயெடுத்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து 1996ஆம் வருட ரிஜிஸ்டரை எடுத்துவந்து, பக்கத்தைத் திருப்பி அவர் மடியில் வைத்தாள்.

அவருக்கு எண்கள் படிக்கத் தெரிந்தது. எந்த வரிசை நல்ல தண்ணீர், எது உப்புத் தண்ணீர் என்று அவள் விரலால் காட்டினாள். ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார்.

"கூடத்துல சூடு அதிகம், அதனால பதர்னு எழுதியிருக்குது."

அவர் நிமிர்ந்து வலைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு வகைத் தொட்டியும் இங்கதான இருந்துச்சு?"

"ஆமாங்க."

"எண்ணுனது யாரு?"

"நான்தான்."

சுந்தரமூர்த்தி அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் ரிஜிஸ்டரை மூடி, அட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

குடித்து முடித்ததும், குழியடிச்சான் விதை இங்கே இருக்குமா என்று கேட்டார். ஊரில் யாரிடமும் இல்லை, எல்லோரும் மாறிவிட்டார்கள் என்றார். முந்நூற்றுச் சொச்சம் பொட்டலங்களில் அதுவும் ஒன்று. குளிர்பெட்டியில் தேடினாள். 1992 என்று தேதி போட்டிருந்தது. அந்தப் பெட்டி வருடத்தில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் நின்றுபோவது. இரண்டு வருடம் முன்பு அந்தப் பொட்டலத்திலிருந்து நூறு விதை எடுத்து ஈரத்தாளில் வைத்துப் பார்த்ததும் அவள்தான். ஒன்றுகூட முளைக்கவில்லை.

இந்த முறை அவள் சொல்லிவிட்டாள். "இது முளைக்காதுங்க. நான் வெச்சுப் பாத்துட்டேன்."

"பரவால்ல, குடுங்க. போட்டுப் பாக்குறேன்."

ஒரு கைப்பிடி இருக்கும். கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று மறுக்கவில்லை, பேசாமல் தின்றார். பயிர்க்கட்டை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தைக் கேட்டுப் போனார். போகுமுன் அவளிடம் ஒரு போஸ்ட் கார்டில் அவள் வீட்டு விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கிளாரன்ஸிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"நீ எழுதி வெச்சியா இல்லியா?"

"எழுதிதான் வெச்சேன்."

"அப்பறம் ஏன் பேஜார் பண்ணிக்கினு கீற. உன் வேலை எழுதறதுதானே."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதே வார்த்தையைத்தான் நாலு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

வெங்கடராமன் ஊரிலிருந்து திரும்பியதும் பயிர்க்கட்டைப் பார்த்தார். யார் வந்தது, என்ன பேசியது என்று அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். ரிஜிஸ்டரைக் காட்டியதையும், விதை கொடுத்ததையும் சொன்னாள். அவர் ஒரு கதிரை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், மணியை அழுத்திப் பார்க்கவில்லை. "காட்டியிருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் அந்த ரிஜிஸ்டர் அலமாரியில் இல்லை. எங்கே என்று அவள் கேட்கவில்லை. சுவரில் இருந்த படத்தை அவரே கழற்றிவிட்டிருந்தார்.

ஜூன் மாதம் அவளுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தற்காலிகப் பணி மேலும் நீட்டிக்கப்படவில்லை என்று இரண்டு வரி. காரணம் இல்லை. ரிஜிஸ்டரைக் காட்டியதாலா, விதை கொடுத்ததாலா, இல்லை வெறுமனே அவள் முறை வந்துவிட்டதாலா என்று கடைசி வரை அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வருடமே திட்டத்தையும் மூடினார்கள். வலைக்கூடத்தைப் பிரித்துவிட்டு அங்கே உயிரித் தொழில்நுட்பத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டினார்கள். பொட்டலங்களை எரித்துவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

யூனிஸ் ஒயிட்ஃபீல்டு பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குத் தொட்டிச் செடி வாடகைக்குக் கொடுக்கும் ஒரு நர்சரியில் சேர்ந்தாள். ஏ.சி. அறையில் வாடிய செடியை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். எண்ண வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. வாடியதை மாற்றினால் போதும்.

2001 ஐப்பசியில் சுந்தரமூர்த்தியின் கார்டு வந்தது. விதையை மூன்று தடவை நனைத்துப் பார்த்தாராம், முளைக்கவில்லையாம். ஊரில் ஐந்தாறு பேர் சேர்ந்து நிலத்தை இறால் குட்டைக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் தம்முடைய மூன்று மா மட்டும் தனியாக நின்று என்ன செய்யும், கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். கடல் தண்ணீரை எந்திரம் வைத்து உள்ளே இறைக்கிறார்கள். அந்தக் குட்டைக்கே தாம் காவல் இருப்பதாகவும், இனி அந்த மண்ணில் நெல் வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றும், வேறு விசேஷம் இல்லை என்றும் முடித்திருந்தார். அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. அதை அனுப்பவில்லை.

வெங்கடராமனை அவள் மறுபடி பார்த்தது 2003இல், மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில். ஓய்வு பெற்றிருந்தார். கையில் காய்கறிப் பை, நடையில் தள்ளாட்டம். அவர்தான் முதலில் அடையாளம் கண்டு கூப்பிட்டார். வீடு, வேலை எல்லாம் விசாரித்தார். பிறகு ஜன நெரிசலிலிருந்து விலகி ஒரு கடை ஓரமாக நின்றுகொண்டு, "அந்த வேதாரண்யத்துக்காரர், அவர் அப்புறம் என்ன ஆனார்?" என்றார்.

அவள் கார்டில் இருந்ததைச் சொன்னாள். அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நீங்க எண்ணினது சரிதான், யூனிஸ். எழுதிக் கொண்டுவந்து வச்சேளே, அன்னிக்கே எனக்குத் தெரியும். அது சூடு இல்லை. அந்தச் சமயத்துல சொல்லியிருந்தா எல்லாத்தையும் மூடியிருப்பா. அப்புறம் நான் எங்க போவேன், நீங்க எங்க போவேள்னு நெனச்சேன். இன்னும் ரெண்டு வருஷம் கெடச்சா சரி பண்ணிடலாம்னு..."

"எனக்கும் தெரியும் சார். நானும் வாயைத் தெறக்கல."

இவ்வளவு நாள் கழித்து இதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு அவர்மேல் எரிச்சல்கூட வந்தது, உடனே அடங்கியும்விட்டது. ஒரு காபி சாப்பிட்டுப் போகலாமே என்று கூப்பிட்டார். நேரமாகிவிட்டது என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, நடைபாதையின் உயரத்தைக் காலால் தடவிப் பார்த்து மெதுவாக இறங்கி, ஆட்டோவுக்குக் கை காட்டினார். இரண்டு ஆட்டோக்கள் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றது. யூனிஸ் மார்கோசா ரோடு ஸ்டாப்பில் கூட்டத்தோடு போய் நின்றாள். அவளுடைய பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தபோது உட்கார இடம் இல்லை.